லூப்பு பொறந்த கதை

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம்னு சாஞ்சப்போ போன். சித்தப்பா பொண்ணு. பி.காம். முடிச்சுட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்க்கிறா. ராத்திரி உட்கார்ந்து வெப் புரோகிராமிங் கத்துக்கிறா. சொந்தச் சம்பளத்துல ஃபீஸ் கட்டி, ஆறு மாசக் கோர்ஸ்.

"அண்ணா, ப்ரௌசர் அப்படியே நின்னு போச்சு. எதை க்ளிக் பண்ணாலும் அசைய மாட்டேங்குது."

"என்ன எழுதுன?"

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் பேஜ்ல காட்டணும். வைல் லூப் போட்டேன்."

ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். பார்த்த உடனே தெரிஞ்சு போச்சு. ஐ = 1 என்று ஆரம்பிச்சிருக்கா. ஐ பத்தைத் தாண்டாத வரைக்கும் ஓடுன்னு சொல்லியிருக்கா. ஆனா ஐ-யோட ஒண்ணைக் கூட்டுற வரியை விட்டுட்டா. அப்புறம் எங்க நிக்கும்? ஐ எப்பவும் ஒண்ணுதான். ஒண்ணு எப்பவும் பத்தைத் தாண்டாது. உலகம் அழியற வரைக்கும் சுத்தும்.

"இதுக்கு ஃபார் லூப் போடும்மா. ஃபார் (ஐ = 0; ஐ < 10; ஐ++). இதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ" என்றேன்.

அங்கதான் மாட்டினேன். "ஏன் ஐ? ஏன் ஜீரோவுல ஆரம்பிக்கணும்? பத்து தடவைன்னா ஏன் பத்தை விடச் சின்னதுன்னு எழுதணும்? இந்த மூணையும் ஏன் ஒரே அடைப்புக்குள்ள அடைச்சு வைக்கணும்?" வரிசையா நாலு கேள்வி. "அது அப்படித்தான்மா" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னா: "மத்த எல்லாருக்கும் இது ஈஸியா இருக்கு போல. எனக்கு மண்டையில ஏறலண்ணா. விட்டுரலாம்னு பார்க்கிறேன்."

தூக்கம் போச்சு.

ஏன்னா "அது அப்படித்தான்" என்பது எனக்குச் சொல்லப்பட்ட பதில். இன்ஜினியரிங் முதல் வருஷம் சி லேப்ல ஃபார் லூப்பை ரெக்கார்ட் நோட்டில் அழகா காப்பி பண்ணி எழுதினவன் நான். வைவாவில் ஒருத்தர், "அந்தக் கண்டிஷன் முதல் தடவையே பொய்யா இருந்தா லூப் எத்தனை தடவை ஓடும்?" என்று கேட்டார். திருதிருன்னு முழிச்சேன். இன்னைக்கு ஆபீஸ்ல ஆணி புடுங்குறப்போ ஒரு நாளைக்குப் பத்து லூப்பாவது எழுதுறேன். ஆனா அவ கேட்ட நாலு கேள்விக்கும் என்கிட்ட பதில் இல்லை.

அந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சேன். படிச்சதைத்தான் இங்க கொட்டுறேன். சித்த நீளம். பொறுத்துக்கோங்க மக்களே.

கதை நெசவுத் தறியில் ஆரம்பிக்குது. பிரான்சு நாட்டில் லியோன் நகரம். அங்க 1804-ல் ஜோசப் மேரி ஜக்கார்ட் ஒரு தறியைக் கொண்டு வந்தார். துணியில் பூ வேலைப்பாடு வரணும்னா எந்த நூல் மேல தூக்கணும், எது கீழயே இருக்கணும் என்பதை ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லும். ஒரு வரிசைக்கு ஒரு அட்டை. அட்டைகளை ஒண்ணோட ஒண்ணு கோர்த்து, கடைசி அட்டையை முதல் அட்டையோட சேர்த்துக் கட்டிட்டா அது ஒரு மாலை. தறி ஓட ஓட மாலை சுத்தும், அதே பூ திரும்பத் திரும்ப வரும். நம்ம ஊரு ஜக்கார்டு தறிக்கும் பெயர் அங்க இருந்து வந்ததுதான்.

இந்த அட்டையைப் பார்த்து லண்டன்ல ஒருத்தருக்கு யோசனை வந்தது. சார்லஸ் பாபேஜ். பூவுக்குப் பதிலா கணக்கை நெய்தா என்ன? அவர் திட்டம் போட்ட மெஷினுக்கு 'அனாலிட்டிகல் என்ஜின்' என்று பெயர். கடைசி வரைக்கும் முழுசா கட்டி முடிக்கவே இல்லை. ஆனா அதைப் பத்தி இத்தாலிய இன்ஜினியர் மெனப்ரியா பிரெஞ்சில் எழுதின கட்டுரையை, ஏடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1843-ல் வெளியிட்டார். கூடவே சொந்தக் குறிப்புகள். மூலக் கட்டுரையை விட அந்தக் குறிப்புகள்தான் பெரிசு, ஏறக்குறைய மூணு மடங்கு.

அந்தக் குறிப்புகளைப் படிச்சப்போதான் எனக்கு முதல் அதிர்ச்சி. திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு கூட்டம் கட்டளைகளுக்கு அவர் 'சைக்கிள்' என்று பெயர் வைக்கிறார். அதோட விடலை. சுழற்சிக்குள் சுழற்சி வரலாம் என்றும் எழுதுகிறார். இன்னைக்கு நாம நெஸ்டட் லூப் என்று சொல்வது! பெர்னூலி எண்களைக் கண்டுபிடிக்கிற அட்டவணையில், பதிமூணாவது படியில் இருந்து இருபத்து மூணாவது படி வரைக்கும் செய்ததை மறுபடி செய்யச் சொல்கிறார். அட்டை மாலையைப் பின்பக்கமாச் சுத்தி, முந்தின அட்டைக்கே திரும்பி வர வழியும் பாபேஜ் யோசிச்சு வச்சிருந்தார்.

இன்னொரு விஷயம். புதுசா படிக்கிறவங்களைக் குழப்புற வரி எதுன்னு கேட்டா ஐ = ஐ + 1 என்று சொல்வேன். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி அது பச்சைப் பொய். எந்த எண்ணும் தன்னை விட ஒண்ணு அதிகமா இருக்க முடியாது. இந்தச் சிக்கல் ஏடாவுக்கும் இருந்தது. ஒரே இடத்தில் இருக்கிற எண் ஓட ஓட மாறுது, அதைத் தாளில் எப்படிக் காட்டுறது? அவங்க என்ன பண்ணாங்கன்னா, அந்த இடத்தின் பெயருக்கு இடது பக்கம் மேல குட்டியா ஒரு எண் போட்டாங்க. மதிப்பு மாறுற ஒவ்வொரு தடவையும் அந்தக் குட்டி எண் ஏறும். பழைய ஐ வேற, புது ஐ வேற என்பதைக் கண்ணுக்குக் காட்டுற வித்தை. இதை எனக்கு முதல் வருஷத்தில் யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இவ்வளவு கவனமா எழுதின அந்த அட்டவணையிலும் நாலாவது படியில் வகுத்தல் தலைகீழா விழுந்திருக்கு. வகுபடுவது எது, வகுப்பது எது என்பது இடம் மாறிப் போச்சு. தப்பு இல்லாத முதல் புரோகிராம்னு ஒண்ணு யாருக்குமே அமையலை போல :-)

அடுத்த நூறு வருஷத்துக்கு இதெல்லாம் தாளோட சரி. நிஜ மெஷின் வந்தது 1940-களில். பெர்லினில் கொன்ராட் சூசே 1941-ல் முடிச்ச இசட்-3 மெஷினுக்குக் கட்டளைகள் ஓட்டை போட்ட சினிமா ஃபிலிமில் இருந்து போச்சு. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஐக்கன் ஐ.பி.எம். உதவியோட 1944-ல் கொண்டு வந்த மார்க்-1 மெஷினுக்குக் காகித டேப். டேப்பைப் படிச்சுக்கிட்டே மெஷின் முன்னாடி போகும். பின்னாடி வரத் தெரியாது. அப்போ ஒரே வேலையைத் திரும்பச் செய்யணும்னா?

ரொம்ப சிம்பிள். டேப்பின் வாலைக் கொண்டு வந்து தலையோட ஒட்டிடுவாங்க. வளையமாச் சுத்திக்கிட்டே இருக்கும். லூப் என்பது அன்னைக்கு உவமை இல்லை, மெஷினில் நிஜமாவே தொங்கிக்கிட்டு இருந்த ஒரு காகித வளையம்! ஆனா காகித வளையத்துக்கு எங்க நிக்கணும்னு தெரியாது. அதுக்கு மெஷின் தனியாப் பார்த்துக்கணும், இல்லைன்னா பக்கத்தில் ஒரு ஆள் நிக்கணும். என் தங்கச்சி எழுதின லூப்பும் கிட்டத்தட்ட அந்தக் காகித வளையம்தான். தலையும் வாலும் ஒட்டியிருக்கு, நிறுத்தத்தான் யாரும் இல்லை.

1948-ல் நிலைமை மாறுது. இங்கிலாந்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகம். கட்டளைகளை டேப்பில் வைக்காமல் மெஷினின் நினைவகத்துக்குள்ளேயே வச்சாங்க. அந்தச் சின்ன மெஷினுக்குச் செல்லப் பெயர் 'பேபி'. மொத்த நினைவகமே 32 சொற்கள்தான். ஜூன் மாசம் டாம் கில்பர்ன் எழுதின புரோகிராம் அதில் ஓடியது. வெறும் 17 கட்டளைகள். கணக்கு இதுதான்: 2,62,144-ஐ மீதி இல்லாமல் வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண் எது (அதே எண்ணை விட்டுட்டு)? 2,62,143-ல் ஆரம்பிச்சு, ஒண்ணு ஒண்ணாக் குறைச்சுக்கிட்டே ஒவ்வொண்ணாப் பார்க்கும். அந்த மெஷினுக்கு வகுக்கத் தெரியாது, கழிக்க மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொரு எண்ணுக்கும் கழிச்சு, கழிச்சு, கழிச்சுப் பார்க்கணும். அதாவது லூப்புக்குள் லூப். ஏடா சொன்ன சுழற்சிக்குள் சுழற்சி, 105 வருஷம் கழிச்சு நிஜமா ஓடுது.

52 நிமிஷம் ஓடி, சுமார் 35 லட்சம் செயல்களைச் செய்து 1,31,072 என்று சரியான பதிலைச் சொல்லி நின்னது. இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டேன். 17 கட்டளை, 35 லட்சம் செயல்! மனுஷன் பதினேழு வரி எழுதினா மெஷின் லட்சக்கணக்கில் உழைக்குது. கம்ப்யூட்டர் என்ற சாமானுக்கு மதிப்பு வந்ததே லூப்பால்தான். லூப் இல்லைன்னா 35 லட்சம் செயலுக்கு 35 லட்சம் கட்டளையை ஒரு ஆள் எழுதணும். அதுக்குக் கணக்கைக் கையாலேயே போட்டு முடிச்சிரலாம்.

அடுத்த வருஷம், 1949 மே 6-ம் தேதி, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டின எட்சாக் மெஷின் ஓட ஆரம்பிச்சது. ஆரம்ப வேலைகளில் ஒண்ணு, 0-ல் இருந்து 99 வரை வர்க்க எண்களை அச்சடிப்பது. என் தங்கச்சி வீட்டுப்பாடம் மாதிரியே இல்லை? ஆனா அங்க ஒரு கொடுமை இருந்தது. நினைவகத்தில் வரிசையா இருக்கிற எண்களை ஒண்ணு ஒண்ணா எடுக்கணும்னா, 'இந்த இடத்தில் இருந்து எடு' என்ற கட்டளையையே புரோகிராம் ஒவ்வொரு சுத்துலயும் திருத்தி எழுதணும். தன்னைத் தானே மாத்தி எழுதிக்கிற புரோகிராம்! தப்பு வந்தா எங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா? நாள் போகப் போக, தன் சொந்தப் புரோகிராமில் தப்பு தேடியே மிச்ச வாழ்நாளின் பெரும்பகுதி போகப் போகுதுன்னு அந்த நாட்களில் திடீர்னு உறைச்சதா வில்க்ஸே பின்னாடி எழுதியிருக்கார். மெஷினைக் கட்டின மனுஷருக்கே அந்தக் கதி.

இதுக்கு மருந்து மான்செஸ்டரில் அதே 1949-ல் வந்தது. எத்தனாவது சுத்து, எத்தனாவது இடம் என்ற எண்ணை மட்டும் வச்சுக்கத் தனியா ஒரு சின்ன இடம். கூட்டல் நடக்கிற இடத்துக்கு ஏ என்று பெயர் இருந்ததால இதுக்கு பி என்று பெயர் வச்சாங்க. கட்டளையைத் திருத்த வேண்டாம், பி-யில் இருக்கிற எண்ணை மாத்தினாப் போதும். இன்னைக்கு நாம ஐ என்று எழுதுறோமே, அதுக்குத் தனி நாற்காலி போட்டுக் கொடுத்தது அந்த பி.

சரி, நிக்குமா நிக்காதா என்ற கேள்வி?

அதை அலன் டூரிங் 1936-லேயே தொட்டுட்டார், கம்ப்யூட்டரே வராத காலத்தில். சாராம்சம் இதுதான்: எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் இது நிக்குமா, நிக்காதான்னு தப்பில்லாமல் சொல்லிடுற பொது வழி ஒண்ணு இருக்கவே முடியாது. இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை என்பது வேற, இருக்கவே முடியாது என்பது வேற. அவர் நிரூபிச்சது இரண்டாவதை.

அதே டூரிங் 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் ஒரு பேச்சு கொடுத்தார். ஒரு புரோகிராம் சரிதான்னு எப்படி நம்புறது என்பது தலைப்பு. உதாரணமா எடுத்துக்கிட்டது ஃபேக்டோரியல், அதுவும் பெருக்கல் இல்லாமல் கூட்டலை வச்சே. இரண்டு லூப், ஒண்ணுக்குள் ஒண்ணு. நிக்கும்னு காட்ட அவர் சொன்ன வழி அழகு: ஒவ்வொரு அடியிலும் கட்டாயம் குறைஞ்சுக்கிட்டே வர்ற ஒரு அளவைக் காட்டு. குறைஞ்சுக்கிட்டே வர்றது ஒரு நாள் தீரும். தீர்ந்தா நிக்கும். எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவா சொல்ல முடியாது, ஆனா நீ எழுதின இந்த ஒரு லூப்புக்கு நீ சொல்ல முடியும், சொல்லணும்.

இதையும் ப்ரௌசரையும் சேர்த்துப் பாருங்க. தங்கச்சி ஸ்கிரீனில் வந்ததே ஒரு பெட்டி, இந்தப் பக்கம் பதில் சொல்லலை, காத்திருக்கவா மூடவான்னு? எத்தனையோ பெரிய கம்பெனி சேர்ந்து கட்டின ப்ரௌசர் ஏன் நம்மகிட்ட கேட்குது, தானே முடிவு பண்ணக் கூடாதா? முடியாது. கணக்கு பெரிசா இருக்கிறதால லேட்டாகுதா, இல்லை நிக்கவே போறதில்லையான்னு எல்லா லூப்புக்கும் சொல்ற வழியே கிடையாது. ரொம்ப நேரமா ஓடுதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அந்தப் பெட்டி 1936-ல் டூரிங் சொன்னதின் விளைவு. அதோட, ஜாவாஸ்கிரிப்ட் ஓடுற அதே வரிசையில்தான் க்ளிக்கைக் கவனிக்கிறது, பக்கத்தை வரையறது எல்லாம் நிக்குது. முன்னாடி நிக்கிற ஆள் கவுன்ட்டரை விட்டு நகரலைன்னா பின்னாடி இருக்கிற யாருக்கும் டிக்கெட் கிடைக்காது. அதனாலதான் எதை க்ளிக் பண்ணாலும் அசையலை.

இனி அவ கேட்ட நாலு கேள்வி.

1950 வாக்கில் லூப் என்றாலே தாவு, குதி என்ற மெஷின் கட்டளைதான். அதை மனுஷன் பேசுற மாதிரி ஒரே வார்த்தையில் எழுதலாம்னு காட்டியவர் சுவிட்சர்லாந்து சூரிச் நகரத்து ஹைன்ஸ் ரூடிஸ்ஹவுசர். 1951-ஐ ஒட்டி அவர் வடிவமைச்ச சூப்பர்ப்ளான் மொழியில் லூப்பின் தலையில் வச்ச வார்த்தை 'ஃப்யூர்'. ஜெர்மன் மொழி. அர்த்தம்? ஃபார்! 'ஐ-யின் இந்த இந்த மதிப்புகளுக்கு' என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவாங்களே, அந்த அர்த்தம். பின்னாடி ஆல்கால் மொழியை வடிவமைச்ச குழுவிலும் அவர் இருந்தார். வார்த்தையும் கூடவே வந்து ஒட்டிக்கிச்சு. எனக்கு இத்தனை வருஷமா 'ஃபார்' என்ற வார்த்தைக்கு அங்க என்ன வேலைன்னே தெரியாது.

1957-ல் ஐ.பி.எம்.-மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது. அதில் வார்த்தை 'டூ'. டூ 10 ஐ = 1, 10 என்று எழுதினா, பத்து என்ற எண் போட்ட வரி வரைக்கும் இருப்பதை ஐ ஒண்ணில் இருந்து பத்து ஆகிற வரை செய்யும். ஏன் ஐ? கணிதத்தில் வரிசை எண்ணுக்கு ஐ, ஜே, கே என்று எழுதுவது முன்னாடியே பழக்கம். ஃபோர்ட்ரான் அதையே சட்டமாக்கிடுச்சு: ஐ-யில் இருந்து என் வரைக்கும் உள்ள எழுத்தில் ஆரம்பிக்கும் பெயர்கள் எல்லாம், நாம வேற ஒண்ணும் சொல்லாத வரை, முழு எண்கள். முதல் கேள்விக்குப் பதில் ஆச்சு.

மூணையும் ஏன் ஒரே வரியில் அடைக்கணும் என்ற கேள்விக்கும் பதில் இங்கதான். எங்க ஆரம்பிக்குது, எங்க நிக்குது, எவ்வளவு நகருது. இந்த மூணும் பழைய புரோகிராம்களில் மூணு மூலையில் சிதறிக் கிடக்கும். எதையாவது மறந்தா அதோ கதி. ஃபோர்ட்ரானும் 1960-ல் வந்த ஆல்காலும் மூணையும் ஒரே வரிக்குள் கூட்டி வந்தாங்க. தங்கச்சி வைல் லூப்பில் மறந்தது எதை? நகர்றதை. ஃபார் லூப்பில் அந்த இடம் காலியா இருந்தா கண்ணைக் குத்தும். மூணு பேரையும் வாசல்லயே நிறுத்தி வச்சு ஆள் கணக்குப் பார்க்கிற ஏற்பாடு அது.

அந்த ஃபோர்ட்ரானும் ஒரு இடத்தில் சறுக்கியது. பல ஃபோர்ட்ரான் கம்பைலர்களில் டூ லூப் எப்படியும் ஒரு தடவை ஓடிட்டுத்தான், முடிஞ்சுதான்னு பார்க்கும். அதாவது பூஜ்யம் தடவை செய்ன்னு சொன்னாலும் ஒரு தடவை செய்யும். 'முதலில் பார், அப்புறம் ஓடு' என்பது அந்த மொழியின் விதியா வந்தது ஃபோர்ட்ரான் 77-ல்தான். முழுசா இருபது வருஷம்! வைவாவில் என்கிட்ட கேட்ட கேள்வி இதேதான். பதில் தெரியாமல் முழிச்ச நான், வேலைக்குச் சேர்ந்த புதுசில் டூ-வைல் போட்டு ஒரு ஆர்டர் லிஸ்ட் பக்கம் எழுதினேன். ஆர்டரே இல்லாத கஸ்டமருக்கும் காலியா ஒரு வரி காட்டுச்சு. கஸ்டமர் போன் பண்ணித் திட்டினப்புறம்தான் தெரிஞ்சது. ஃபோர்ட்ரான்காரங்க கஷ்டப்பட்ட அதே பள்ளம்.

1960-கள் முழுக்க இன்னொரு சண்டை. லூப்புக்கு நல்ல வார்த்தைகள் இருந்தும் எல்லோரும் கோ-டூ போட்டு இஷ்டத்துக்குத் தாவிக்கிட்டு இருந்தாங்க. வரிசை, கிளை, சுழற்சி இந்த மூணு இருந்தாலே எந்தப் புரோகிராமையும் எழுதிடலாம்னு 1966-ல் இத்தாலியின் போம், யாக்கோபினி இருவரும் நிரூபிச்சாங்க. 1968 மார்ச்சில் நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கோ-டூவைக் கண்டிச்சு ஒரு கடிதம் எழுதினார். அவர் கவலை எளிமையானது. தாளில் இருப்பது அசையாத எழுத்து. மெஷினில் நடப்பது அசையுற ஓட்டம். இரண்டுக்கும் இடைவெளி குறைவா இருந்தாத்தான் மனுஷ மூளையால் பின்தொடர முடியும். லூப்பில் சிக்கித் தவிக்கிறவங்களுக்கு மூளை மட்டம் இல்லை. ஓடுறதை ஓடாத எழுத்தில் படிக்கிறது யாருக்குமே கஷ்டம். இதைச் சொன்னது சாதாரண ஆள் இல்லை, சாட்சாத் டைக்ஸ்ட்ரா.

1972 வாக்கில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சியின் கையில் சி மொழி உருவாச்சு. அரைப்புள்ளி வச்சுப் பிரிச்ச நம்ம மூணு துண்டு ஃபார் உலகம் முழுக்கப் பரவியது சி வழியாத்தான். அந்த ++ இருக்கே, அது கென் தாம்சன் கண்டுபிடிப்பு, சி-க்கு முந்தின பி மொழிக்காக. பி.டி.பி.-11 மெஷினுக்காகத்தான் ++ வந்ததுன்னு ஒரு கதை ரொம்ப நாளா உலாத்துது. அது சரியில்லை, அந்த மெஷின் வர்றதுக்கு முன்னாடியே ++ இருந்ததுன்னு ரிட்சியே எழுதி வச்சிருக்கார்.

ஜீரோ? சி-யில் வரிசையின் பெயர் முதல் ஆள் நிக்கிற இடத்தைக் காட்டும். அதற்குப் பக்கத்தில் போடும் எண், அங்க இருந்து எத்தனை அடி தள்ளி என்று அர்த்தம். முதல் ஆள் எத்தனை அடி தள்ளி? பூஜ்யம் அடி. அம்புட்டுதான்.

கடைசியா, ஏன் பத்தை விடச் சின்னது? இதுக்கும் டைக்ஸ்ட்ரா 1982-ல் கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருக்கார். ஆரம்ப எண்ணைச் சேர்த்துக்கோ, முடிவு எண்ணைச் சேர்க்காதே என்பது அவர் கட்சி. லாபம் மூணு. ஒண்ணு, பத்தில் இருந்து பூஜ்யத்தைக் கழிச்சாலே எத்தனை தடவைன்னு வந்துடும். இரண்டு, ஒண்ணு முடியுற எண்ணிலேயே அடுத்தது ஆரம்பிக்கும். வெப்பில் பக்கத்துக்குப் பத்து ரிசல்ட் காட்டுறோமே, முதல் பக்கம் 0-ல் இருந்து 10-க்கு முன்னாடி வரை, அடுத்தது 10-ல் இருந்து 20-க்கு முன்னாடி வரை. எதுவும் விட்டுப் போகாது, இரண்டு தடவையும் வராது. மூணு, ஒண்ணுமே இல்லைன்னா 0-ல் இருந்து 0-க்கு முன்னாடி வரை. காலி. நான் வாங்கிக் கட்டிக்கிட்ட அந்தக் காலி வரி வராது.

வெப்புக்கு இது வந்த கதை சின்னது. எச்.டி.எம்.எல்.-க்கு லூப் கிடையாது. நூறு வரி டேபிள் வேணும்னா நூறு வரி கையால் அடிக்கணும். ஏடாவுக்கு முந்தின காலம்னு வச்சுக்கோங்க. 1995-ல் இரண்டு பேர் வந்தாங்க. சர்வர் பக்கம் ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பி.எச்.பி. ப்ரௌசர் பக்கம், நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் அந்த மே மாசம் பத்து நாளில் எழுதின முதல் வடிவம், பின்னாடி ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. ஜாவாஸ்கிரிப்டின் ஃபார் நேரா சி வம்சம், பி.எச்.பி.-யின் ஃபாரும் அதே ஜாடை. அப்படித்தான் தங்கச்சி லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் எண்ணுறதையே மறைச்சிடலாம்னு கிளம்பினாங்க. 'பையில் இருக்கிற ஒவ்வொண்ணையும் எடு' என்று சொன்னாப் போதும், எத்தனைன்னு நீ எண்ணாதே. எம்.ஐ.டி.-யில் பார்பரா லிஸ்கோவ் 1970-களில் க்ளூ மொழியில் இதை ஒழுங்காச் செய்து காட்டினார். பி.எச்.பி.-க்கு ஃபார்-ஈச் வந்தது 2000-ல், நாலாம் பதிப்பில். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஃபார்-ஈச் 2009-ல், ஃபார்-ஆஃப் 2015-ல். அந்த 2015-ல் தான் 'லெட்' என்ற வார்த்தையும் வந்தது. அதுக்கு முன்னாடி லூப் போட்டுப் பத்து பட்டன் செய்து, அழுத்தினா அதன் எண்ணைச் சொல்லுன்னு எழுதினா, பத்து பட்டனும் 'பத்து' என்றே சொல்லும். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஐ, அதுவும் லூப் முடிஞ்சு பத்தில் நிக்கிற ஐ. லெட் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் தனி ஐ. பழைய ஐ வேற, புது ஐ வேற. ஏடா குட்டி எண் போட்டுக் காட்டினது ஞாபகம் இருக்கா? சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நின்னாச்சு.

நேத்து தங்கச்சிக்கு போன் போட்டு இத்தனையையும் சொன்னேன். ஒரு மணி நேரம். காகித வளையத்தை ஒட்டின இடத்துல சிரிச்சா. ஃபோர்ட்ரான் இருபது வருஷம் எடுத்துக்கிச்சுன்னு சொன்னப்போ, "இருபது வருஷமாண்ணா? நான் இரண்டு வாரமாத்தான் முழிக்கிறேன்" என்றாள். அப்புறம் வைல் லூப்பையே மறுபடி எழுதுறேன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

ராத்திரி ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒண்ணுல இருந்து பத்து வரை அழகா நிக்குது. கோடில் லூப்புக்கு மேல தமிழில் ஒரு வரி எழுதி வச்சிருந்தா: 'எங்க நிக்கும்? ஐ பதினொண்ணு ஆனதும்.'

கோர்ஸை விடுறதைப் பத்தி அவளும் பேசலை, நானும் கேட்கலை. அடுத்த பாடம் ஃபங்ஷனாம். அதுக்குள்ள ஃபங்ஷன் பொறந்த கதையைப் படிச்சு வைக்கணும் :-)